நாறாத சட்டி

முட்டை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டியது. அதைக் கோழி எங்கிருந்து போடுகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதா? தெரிந்துகொண்டே உடைத்து ஊற்றி, கிளறி, உப்புப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல? மசக்கை வருவதற்கு முன்னால் நானும் சப்புக்கொட்டியவள்தான். விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டில் பொடிமாஸ் கிண்டிய சட்டியை வழித்துத் தின்ன தம்பியோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த ரம்யா எங்கோ தொலைந்துவிட்டாள். தூத்துக்குடியில் இருப்பது வெறும் மூக்கு. மூக்குக்குக் கீழே ஒரு வயிறு.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீன் வேண்டாமா, விட்டுவிடு. கறி வேண்டாமா, அதையும் விட்டுவிடு. தினமும் ரெண்டு முட்டை மட்டும் உள்ளே போயாக வேண்டும். எடை இப்படியே இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றுவோம்.

இதை என் மாமியார் இசபெல்லா கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் என் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டால் அப்பா கேட்டது மாதிரி.

அப்பாவுக்கு விளாத்திகுளத்தில் பலசரக்குக் கடை. நான் ஜெனோவைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது சாதி, மதம் எல்லாம் பேசி ஓய்ந்து, கடைசியில் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். "பையன் நல்ல பையந்தான். ஆனா அந்த மீன் வாடைக்குள்ள நீ ஒரு வருசம் இருக்க மாட்டே. மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நிப்பே பாரு." கல்யாணம் ஆகி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. இப்போது போனில், "ஞாயித்துக்கிழமை காரோட வாரேன். நீ ஒழுங்கா சாப்பிடுதேன்னு கண்ணால பாத்தா விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா பேறுகாலம் முடியிறவரைக்கும் இங்கதான்" என்றார். குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் லேசான குஷியும் இருந்தது. நான் போனால் அப்பா ஜெயித்துவிடுவார். அது எனக்கு முட்டையைவிட அதிகமாகக் குமட்டியது.

ஆனால் அப்பா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த வீடு நாறியது. கொண்டல் காற்று கடலிலிருந்து வீசினால் கருவாடு, திரும்பி வீசினால் சாக்கடை. துவைத்துக் காயப்போட்ட சேலையில் சாளை மீன் வாடை. அத்தை தன் அடுக்களையைக் குசினி என்பாள். அந்தக் குசினியில் ஒரு மீன் சட்டி உண்டு. நாள்பட்ட சட்டி என்று அதில் அவளுக்கு ஒரே பெருமை. சோப்புப் போட்டால் ருசி போய்விடுமாம். எத்தனையோ குழம்புகள் அந்த மண்ணுக்குள் இறங்கி ஊறிக் கிடக்கின்றன. நான் குசினி வாசலைத் தாண்டும்போதெல்லாம் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டேதான் தாண்டுவேன். அத்தை அதைப் பார்ப்பாள்.

முதல் நாள் முட்டையை அவள் இரும்புச் சட்டியில் போட்டாள். நல்லெண்ணெய் காய்ந்து புகைந்தது, வெங்காயம் கருகியது, முட்டை விழுந்ததும் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. அகப்பைக் காம்பைப் பிடித்து அவள் சுரண்டிய சத்தம் என் பல்லில் கூசியது. தட்டில் வந்தபோது மஞ்சளாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. பழைய காயத்தில் ஒட்டிய பஞ்சின் நிறம். அதிலிருந்து எழுந்ததோ சுத்தமான மீன் நாற்றம்.

"இந்தச் சட்டியில மீன் பொரிச்சியளா அத்தை?"

"இதுல தோசமாவுகூட ஊத்துனதில்ல. முட்டைக்குன்னே வச்சிருக்கேன். பேசாம தின்னுளா."

ஒரு வாய் போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மணல் போட்டு ஒரு வாளி வைத்திருந்தாள். அதற்குள் போய்ச் சேர்ந்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அன்றைக்கே ஜெனோ வீடியோவில் வந்தான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கரையில் இருக்கும்போது ஒரு டம்ளரைக் கழுவ மாட்டான். கடலுக்குப் போய்விட்டால் அடுப்பைப் பற்றி அவனைவிடத் தெரிந்தவன் கிடையாது.

"இரும்புல எவனாவது முட்டை கிண்டுவானா? நான்ஸ்டிக் வாங்கு. எண்ணெ வேண்டாம், வெண்ணெய் போடு. தீயப் பையப் பையக் காட்டணும். ரப்பர் கரண்டியால ஓரத்துலேருந்து நடுவுக்குத் தள்ளு. முக்கால்வாசி வெந்ததும் எறக்கிரணும். பாக்கி தன் சூட்டுலயே வேகும். எங்க கேப்டன் தட்ட வழிச்சுத் திங்காரு."

"கேப்டனுக்கு என்ன மசக்கையா?"

"சொன்னதச் செய்யி ஏளா."

செய்தேன். சட்டி வந்தது, ரப்பர் கரண்டி வந்தது, முட்டை அடிக்கும் கம்பிச் சுருள்கூட வந்தது. ஜெனோ கப்பலிலிருந்து தீயின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க, நான் மூக்கைக் கட்டிக்கொண்டு கிளறினேன். தளதளவென்று, ஈரம் காயாமல், கரண்டியிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜலதோஷம் பிடித்த பிள்ளை சிந்திப் போட்டது மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்த அத்தைக்கே முகம் கோணிவிட்டது.

"ஏலே ஜெனோ, புள்ளத்தாச்சிக்கு வேகாத முட்டையக் குடுக்கச் சொல்லுதியே, நீயெல்லாம் சமையக்காரனாலே?"

"அம்மா, அதான்மா பக்குவம்!"

"சளி மாதிரி இருக்கு. பக்குவமாம் பக்குவம்."

அந்த ஒரு விஷயத்தில் நானும் அத்தையும் ஒரே கட்சி. ஆனாலும் ஜெனோவுக்காக ஒரு வாய் வைத்தேன். வெண்ணெய்க்கு அடியில் அதே மீன். நேற்றைக்கு முரட்டு மீன், இன்றைக்கு வழுவழு மீன். வாளி நிறைந்தது. அத்தை தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அந்தச் சட்டியைப் பார்த்தபோது எனக்கு வாந்தி மறந்து அழுகையே வந்துவிட்டது. அத்தை கம்பி நாரைப் போட்டு ஒரு மணி நேரமாகத் தேய்த்திருக்கிறாள். "கரி பிடிச்ச சட்டிய ஏமாத்தி அனுப்பிட்டானுவ. தேய் தேய்னு தேய்ச்சேன், பாதிதான் போயிருக்கு" என்று வெளுத்துப்போன சட்டியைத் தூக்கிக் காட்டினாள். ஜெனோ கப்பலில் தலையில் அடித்துக்கொண்டான்.

அதன் பிறகு அத்தை விடவில்லை. அலுமினியச் சட்டியில் கிண்டினாள். தோசைக்கல்லில் ஊற்றினாள். கிண்ணத்தில் அடித்து இட்லிச் சட்டிக்குள் வைத்து ஆவியில் அவித்து, பிறகு உதிர்த்தாள். மிளகைக் கொட்டினாள், மஞ்சளைக் கொட்டினாள், கறிவேப்பிலையை அரைத்து ஊற்றிப் பச்சையாக ஒன்றை நீட்டினாள். புதிதாக ஒரு மண்சட்டி வாங்கி, கஞ்சி ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கினாள். எதில் போட்டாலும் நாறியது. நான் தின்பதும், வாளியைப் பிடிப்பதும், துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதுமாக வாரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை, புதுச் சட்டி முட்டையையும் நான் வாளிக்குக் கொடுத்த பிறகு, அத்தை அங்கேயே நின்றாள். "எனக்கு ஒரு வாடையும் தெரியல. நானும் இதத்தான் திங்கேன். நேராச் சொல்லிரு ரம்யா. முட்டையா ஒனக்குக் குமட்டுது? எங்க வீடுல்லா குமட்டுது?"

நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் இன்னொரு தடவை வந்துவிடும்போல் இருந்தது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வாளியைக் கழுவி வைத்துவிட்டு, என் பையை அலமாரி மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கட்டிலில் போட்டாள். "ஒங்கப்பா வந்தா தேடக் கூடாதுல்லா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை எடை பார்க்கத் தனியாகத்தான் போனேன். இன்னும் குறைந்திருந்தது. திரும்பும்போது ஆட்டோ ஒரு தள்ளுவண்டிக் கடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. டிரைவர் டீ குடிக்க இறங்கினான். அப்போதுதான் கடையைத் திறந்திருந்த இசக்கியப்பன் அண்ணாச்சி கல்லைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட அசிங்கமான கல்லைப் பார்த்ததில்லை. நேற்றைய கொத்துப் புரோட்டா ஓரத்தில் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. அண்ணாச்சி ஒரு துணியால் கல்லைத் துடைத்தார். அதே துணியால் கழுத்தைத் துடைத்தார். திரும்பவும் கல்லைத் துடைத்தார். ரெண்டு தகரக் கரண்டிகளில் ஒன்றுக்கு முனையே இல்லை. எண்ணெயோ முந்தின வாரத்து நிறத்தில் இருந்தது.

முட்டை விழுந்தது. டங்டங்கென்று கொத்தினார். பெருந்தீயில் கண் மூடித் திறப்பதற்குள் உதிரி உதிரியாக வந்துவிட்டது. ஓரமெல்லாம் முறுகல். நான் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் பசித்தது.

"அண்ணாச்சி, ஒரு பொடிமாஸ்."

வாழை இலைத் துண்டில் வாங்கி ஆட்டோவுக்குள்ளேயே தின்றேன். இன்னொன்று வாங்கித் தின்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வாந்திக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. எனக்கே என் மேல் அருவருப்பாகப் போய்விட்டது. ஆவியில் அவித்ததையும் வெண்ணெயில் வெந்ததையும் தள்ளிய வயிறு, அண்ணாச்சியின் கழுத்து வேர்வையை வரவேற்று உட்காரவைத்திருக்கிறது.

சரி, தீயில்தான் சூட்சுமம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குசினிக்குள் போய்த் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, தீயை முழுக்கத் திறந்துவிட்டேன். ரெண்டு கரண்டிகளை எடுத்துவைத்துக்கொண்டேன். அத்தை கூடையிலிருந்து முட்டைகளை எடுத்துத் தந்தாள். கல் காயட்டும் என்று ஒரு கண்ணாடி டம்ளரில் முதல் முட்டையை உடைத்து ஊற்றினேன். நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

அப்படியே நின்றேன். டம்ளர் நான் தண்ணீர் குடிக்கிற டம்ளர். எண்ணெய் இல்லை. தீ படவில்லை. சட்டியும் இல்லை, கரண்டியும் இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது.

"அத்தை, இந்த முட்டை எங்க வாங்குனிய?"

"கடை முட்டையா குடுப்பேன் புள்ளத்தாச்சிக்கு? நாட்டு முட்டை. ஒனக்குன்னே பிளாரன்ஸ்கிட்டச் சொல்லிவச்சு, யாருக்கும் குடுக்க விடாம வாங்கியாரேன்."

பிளாரன்ஸ் அக்கா எங்கள் தெருக்கோடியில் கருவாடு காயப்போட்டு விற்கிறவள். அவளிடம் கோழி இருப்பது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. மூக்கு விட்டால்தானே போவதற்கு.

அடுப்பை அணைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போனேன். அத்தை பின்னாலேயே வந்தாள். வலையை விரித்து அதன் மேல் காரல் மீனைக் காயப்போட்டிருந்தார்கள். ஈக்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. அந்த மீனுக்கு நடுவே, கால் பட்ட இடமெல்லாம் செதில் ஒட்ட, பிளாரன்ஸ் அக்காவின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூடையில் ஒதுக்கிப் போட்டிருந்த அழுகல் மீனின் குடலை ஒரு பெட்டை இழுத்தது. இன்னொன்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பாத்தியா, எப்படிக் கொழுத்திருக்குன்னு?" என்றாள் அத்தை. "தவிடு கிவிடு ஒண்ணும் கெடயாது. பூரா மீனுதான். கடல்ல உள்ள சத்தெல்லாம் அப்படியே முட்டையில எறங்கிரும்."

என் வயிற்றில் அண்ணாச்சியின் பொடிமாஸ் ஒரு புரள் புரண்டது. அது வெளியே வருவதற்குள் வார்த்தை வந்துவிட்டது.

"சத்தா எறங்குது? நாத்தம்லா எறங்குது! இது கோழி முட்டையா? மீன் குடலு ஓடு கட்டி வந்திருக்கு! இதையா இத்தன நாளா எனக்குத் தந்திய? சீ!"

பிளாரன்ஸ் அக்கா கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். கருவாடு பிரித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்தார்கள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று ராத்திரி சோற்றை மேடையில் மூடி வைத்துவிட்டு அவள் சீக்கிரமே படுத்துவிட்டாள். தப்பு என் மேல் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை மாதா கோயில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தாள். கையில் காகிதப் பொட்டலம். பிரித்து மேடையில் வைத்தாள். கடையில் விற்கிற வெள்ளை முட்டைகள். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். கூடையில் மிச்சமிருந்த நாட்டு முட்டையை எடுத்து முகர்ந்தாள். ரெண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பிறகு அந்தப் பழைய இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"இதுலதான் கிண்டணும். என் சட்டி மேல குத்தம் இல்லேன்னா, இதுலயே கிண்டி, என் கண்ணு முன்னால தின்னு காட்டு. ஒங்கப்பா வருததுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவள் நகர்ந்து நின்றாள். அந்தக் குசினியில் என்னிடம் அடுப்பை முழுசாக விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஜெனோ சொன்ன மாதிரி தீயை அடக்கி வைத்தேன். அண்ணாச்சி மாதிரி கொத்தினேன். கம்பிச் சுருள், ரப்பர் கரண்டி எதையும் தொடவில்லை. அத்தையின் அகப்பையையே எடுத்துக்கொண்டேன். முட்டை இரும்பில் ஒட்டத்தான் செய்தது. ஓரம் கறுக்கத்தான் செய்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. நன்றாக வேகும்வரை விட்டு இறக்கினேன்.

தின்றேன். அத்தை வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கோயில் மணி அடித்தது. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். என் வயிறு வாயைத் திறக்கவில்லை.

"வருதா?"

"வரல."

"அப்பம் சட்டி நாறல."

"இல்ல அத்தை. சட்டி ஒண்ணும் நாறல."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என் மேல அடிக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ அப்போதும் துப்பட்டாவை மூக்கில் வைத்துத்தான் பிடித்திருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் கை தானாக ஏறியிருக்கிறது.

"அடிக்கு" என்றேன். "சேலையில அடிக்கு. தலையில அடிக்கு. கையில ரொம்ப அடிக்கு."

அத்தை கோபப்படவில்லை. வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடிக்கத்தான் செய்யும். பொறந்ததுலேருந்து மீனோடதான கெடக்கேன். ஒன் வாந்திய ரெண்டு மாசமா இந்தக் கையாலதான் அள்ளுதேன். அது மட்டும் என்ன, பிச்சிப்பூவா? ஒரு நாளாவது மூக்கப் பொத்துனேனா ஏளா நான்?"

அவள் குரல் உயரவே இல்லை. எனக்குக் காது சுட்டது. எழுந்து போக இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். வாளியைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தோள் துண்டின் நுனி அவர் மூக்கின் மேல் இருந்தது. அத்தைக்குக் கும்பிடு போட ஒரு கை வேண்டும் என்பதால் இன்னொரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை கும்பிட்ட கையை இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பைய எடுத்து வச்சிட்டியாம்மா?" துண்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எனக்கே ஒரு நிமிசம் நிக்க முடியல. நீ எப்படித்தான் இருக்கியோ."

நான் துப்பட்டாவை இழுத்து மடியில் போட்டேன்.

"ரெண்டு முட்டை தின்னுட்டேன்ப்பா. உள்ளதான் இருக்கு. நான் வரல. நீங்க உக்காருங்க, அத்தை காப்பி போடுவாங்க."

அப்பா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த பையைப் பார்த்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துண்டை எடுக்கவில்லை.

"அப்பா" என்றேன். "மூக்குலேருந்து கைய எடுங்க."

அவர் எடுத்தார். அத்தை குசினிக்குள் போனாள். அவள் என்னைக் கடந்து போனபோது, சாளை மீன் வாடை எப்போதும்போல் அடித்தது.